ஒரு சாயங்காலமும் ஒரு காலையும்: மதுரையில் எதை எந்த நேரத்தில் சாப்பிடலாம்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி, மறுநாள் மூணு மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவீர்கள். சிங்கப்பூர் ஹாக்கர் சென்டரில் ஒரே கூரைக்குக் கீழே எல்லாக் கடையும் இருக்கிற மாதிரி மதுரையில் எந்த இடம், அங்கே தவறவிடக் கூடாதது எது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா சைவம், பையனுக்கு எட்டு வயது, காரம் ஆகாது என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள்.

அப்படி ஒரே இடம் மதுரையில் கிடையாது. சிங்கப்பூரில் தெருவோரக் கடைகளை அரசாங்கமே கட்டடங்களுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது. இங்கே கடைகள் இன்னும் தெருவில்தான் இருக்கின்றன. ஒரே வாசல் ஒரு நாளில் மூன்று கை மாறும். காலையில் இட்லிக்காரர், பகலில் இரும்புச் சாமான் கடை, ஷட்டர் இறங்கியதும் அதே படியில் தோசைக்கல். அதனால் ‘எந்தக் கடை’ என்று கேட்பதைவிட ‘எத்தனை மணிக்கு’ என்று கேட்பதுதான் மதுரையில் பலன் தரும். நேரம் தப்பினால் பேர்போன கடையிலும் ஆறிப்போனதுதான் கிடைக்கும். நேரம் சரியாக இருந்தால் பெயர்ப்பலகையே இல்லாத தள்ளுவண்டியில்கூட நல்லது கிடைத்துவிடும்.

வழி குழம்பாமல் இருக்க ஒன்று. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் போகும். ரயில் நிலையம் மேலவெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து டவுன்ஹால் ரோடு வழியே நேராக நடந்தால் கோயில். கோயிலுக்குத் தென்கிழக்கே விளக்குத்தூண், வடக்கே வைகையை ஒட்டிச் சிம்மக்கல். கோட்டையை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்டதுதான் அந்த விளக்குத்தூண். இந்த மூன்று புள்ளிக்கும் நடந்தே போய்விடலாம். ஆட்டோ வைத்தால் நெரிசலில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

அறையில் பெட்டியை வைத்துவிட்டு ஐந்து மணிக்கு வெளியே வந்தால், முதல் பலகாரம் அம்மாவுக்கும் ஏற்றதாக இருக்கட்டும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பத்துக்குப் பேர்போனது. பச்சரிசியும் கொஞ்சம் உளுந்தும் வழுவழுப்பாக அரைத்து, பச்சை மிளகாய், இஞ்சி சேர்த்து, மாவைக் கரண்டியால் எண்ணெயில் ஊற்றி எடுப்பார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். சட்டியிலிருந்து எடுத்த பத்து நிமிஷத்துக்குள் காரச் சட்னியோடு சாப்பிட்டுவிட வேண்டும். பார்சல் கட்டினால் தன் ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும். பையனுக்குச் சட்னியை விட்டுவிட்டு அப்பத்தை மட்டும் கொடுக்கலாம்.

இரண்டாவது, வெளியூர்க்காரர்கள் அதிகம் கேள்விப்படாத முள்ளு முருங்கை வடை. சௌராஷ்டிர மக்கள் நிறைய வாழும் திருமலை நாயக்கர் மகால் பகுதியிலும் காமராஜர் சாலைப் பக்கமும் சாயங்காலத்தில் போடுவார்கள். பெயரைக் கேட்டு முருங்கைக்கீரை என்று நினைத்துவிடாதீர்கள். இது கல்யாண முருங்கை, முள் உள்ள வேறு மரம், இலை உள்ளங்கை அகலம் இருக்கும். இரண்டு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நடு நரம்பை உருவிய இலை பதினைந்து இருபது, மிளகு, சீரகம், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்கிறார்கள். இலையில் தட்டிப் பொரித்தால் பூரி போல எழும்பும், மேலே பொடி தூவித் தருவார்கள். வடை உப்பவில்லை, கையில் எண்ணெய் வடிகிறது என்றால் அரைக்கும்போது தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். வாயில் நார் சிக்கினால் நரம்பை எடுக்காமல் அரைத்திருக்கிறார்கள். சளிக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வது பரம்பரை வழக்கு. அதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பலகாரமாகச் சாப்பிட்டாலே போதும்.

ஆறு, ஆறரைக்குப் பருத்திப் பால். தள்ளுவண்டியில் பெரிய அண்டா, அதன் வாயில் துணி, பக்கத்தில் துருவிய தேங்காய் என்று அடையாளம் தெரியும். மாட்டுப்பால் சேராத பானம் இது, பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் குடிக்கலாம். வாங்குகிறவர் ‘பால்’ என்ற சொல்லில் ஏமாந்து பாயசத்தின் ருசியை எதிர்பார்ப்பதால்தான் முதல் மடக்கில் பலருக்கு முகம் சுளிக்கிறது. கஞ்சி என்று நினைத்துக் குடித்தால் பிடித்துப்போகும். வீட்டில் செய்ய வேண்டுமானால் 200 கிராம் பருத்தி விதையை இரவு முழுவதும் ஊறவைத்துக் கழுவி, அரைத்து, மூன்று தடவையாக மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுப் பிழிந்து வடிகட்டவும். அந்தப் பாலை அடுப்பில் வைத்து, நிறம் லேசாக மாறி நன்றாகக் கொதித்ததும், இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டவும். மாவு வெந்து பளபளப்பு வந்த பிறகே 200 கிராம் வெல்லப் பாகும் சுக்கும் ஏலக்காயும் சேர வேண்டும். வெல்லத்தை முந்திக்கொண்டு போட்டால் அரிசி மாவு வேகத் தாமதமாகி, பச்சை வாடை கடைசிவரை நிற்கும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பருத்தி விதையில் காசிபோல் என்ற பொருள் இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது, அதனால் பிழிந்த பாலைப் பச்சையாகக் குடிக்கவே கூடாது. வண்டியில் கொதிக்கக் கொதிக்க இருப்பதை மட்டும் வாங்குங்கள். வெதுவெதுப்பாக ஆறிக் கிடப்பதை விட்டுவிடுங்கள். ஊற்றுவதற்கு முன் அகப்பையால் அடிவரை கலக்கச் சொல்லுங்கள், கெட்டிப் பாகமெல்லாம் அடியில்தான் தங்கும்.

எட்டு மணிக்குக் கறி தோசை. இதற்கு மதுரையில் முதலில் வாயில் வரும் பெயர் சிம்மக்கல் கோனார் கடை. கறி தோசையை மசால் தோசையின் அசைவ வடிவம் என்று நினைக்கிறார்கள். மசால் தோசையில் மசாலா மடிப்புக்குள் இருக்கும், கறி தோசையில் கறி மேலே தோசையோடு ஒட்டியே வேகும். ஊத்தப்பம் கனத்தில் மாவு ஊற்றி, மேல்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே அடித்த முட்டையைப் பரப்பி, அதன்மேல் ஏற்கெனவே சுக்காவாக வறட்டிய கொத்துக்கறியை அள்ளித் தூவி, கரண்டியின் அடியால் அழுத்துகிறார்கள். முட்டைதான் அங்கே பசை. பிறகு எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு, கறி கல்லில் படும்படி இன்னும் இரண்டு மூன்று நிமிஷம். கறியில் குழம்பு ஈரம் இருந்தால் திருப்பும்போது சரிந்துவிடும், தோசையும் நடுவில் வேகாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடி கருகி மேல்மாவு பச்சையாக நிற்கும். ஒரு தோசைக்கு எட்டு பத்து நிமிஷம் ஆவது நியாயம். சப்ளையர் ‘ரெண்டு நிமிஷம்ணே, வந்துரும்’ என்று சொல்வதை நம்பாமல், வரும்வரை இட்லி வாங்கி வயிற்றை அடைத்துக்கொள்ளாமல் காத்திருங்கள். ஒரு தோசை இரண்டு பேருக்குப் போதும். மிளகு தூக்கலாக இருக்கும், பையனுக்கு முட்டை தோசை தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது புரோட்டா. ஒரு சாயங்காலத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஜிகர்தண்டா இன்று சென்னையிலும் கோவையிலும் கிடைக்கிறது. மதுரை ராத்திரிப் புரோட்டாவோ கல்லும் கூட்டமும் கையும் சேர்ந்தது, அது பெயர் மாறிப் பயணம் போவதில்லை. ஒன்பது மணிக்கு மேல், கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிற கடையாகப் பாருங்கள். கூட்டம் வேண்டும் என்பது ருசிக்காக மட்டும் இல்லை. கல்லை விட்டு இறங்கிய புரோட்டா கால்மணி நேரத்தில் தோலாக இறுகும். ஓட்டம் உள்ள கடையில் அடுக்கு தங்காது, அவ்வளவுதான் ரகசியம்.

மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடையில் நின்று பார்க்கும்போது எது சரி எது தப்பு என்று தெரியும். ஒரு கிலோ மைதாவுக்கு 550 முதல் 600 மில்லி தண்ணீர், 15 முதல் 20 கிராம் உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை, 50 மில்லி எண்ணெய். பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டுக் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். இந்த ஊறல்தான் உயிர். ஊறாத மாவை வீசினால் ரப்பர் மாதிரி பின்னிழுக்கும், இன்னும் இழுத்தால் கிழியும். உருண்டை பிடித்து மறுபடி அரைமணி நேரம் எண்ணெயில் ஊறப்போட்டு, பிறகுதான் மாஸ்டர் வீசுவார். பலகை தெரிகிற அளவு மெல்லிசாக வந்ததும் கொசுவம் மாதிரி சுருக்கி, நத்தை ஓடு போலச் சுற்றி வைப்பார். அந்தச் சுற்றையும் கொஞ்ச நேரம் தளரவிட்டுத்தான் தட்டிக் கல்லில் போட வேண்டும். கடைசி வேலையைக் கண்கொண்டு பாருங்கள்: நாலைந்து புரோட்டாவை அடுக்கி, சூடு ஆறும் முன் இரண்டு பக்கமும் கையால் அடித்து நொறுக்குவார். அடியில்தான் ஏடு பிரியும். அடிக்காமல் தட்டில் தள்ளினால் அது வெறும் மைதா ரொட்டி.

இதிலேயே பன் புரோட்டா என்று ஒரு வகை. ஆவின் சிக்னல், சாத்தமங்கலம் பக்கம் பேர்போனது. விட்டம் சின்னது, கனம் அதிகம், கல்லின் குழிவில் தேங்கிய எண்ணெயில் பாதி பொரித்தாற்போல எடுப்பார்கள். வெளியே பொன்னிறம், உள்ளே பன் போல மெத்து. இரண்டுக்கு மேல் போகாதீர்கள். எண்ணெய் வேலையைக் காட்டுவது சாப்பிடும்போது இல்லை, படுத்த பிறகு. கொத்து புரோட்டா சத்தம் கேட்டு ஆசை வரும். ஆனால் ஆறிய புரோட்டாவுக்கு மறுவாழ்வு கொடுக்கிற வழி அது என்பதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் கையில் அது குறையே இல்லை, சால்னா ஊறிய துண்டுக்கு ஆறிய புரோட்டாதான் தோது. முதல் தட்டு மட்டும் முழுப் புரோட்டாவாக இருக்கட்டும்.

சால்னாவைக் குருமா என்று கேட்டுவிடாதீர்கள். குருமா கெட்டி, சால்னா ஓடும். தேங்காய், சோம்பு, கசகசா, பொரிகடலை அரைத்துவிட்டு, வெங்காயம் தக்காளி கரைய வதக்கி, பட்டை கிராம்பு வாசனையோடு தளதளவென்று கொதிக்கவிட்டது. புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும், தொட்டுச் சாப்பிடுவது பாதி ருசிதான். உங்கள் அம்மாவுக்காக ஒரு எச்சரிக்கை: ‘எம்ப்டி சால்னா’ என்றால் கறித்துண்டு இல்லாதது என்று மட்டும்தான் பொருள். பல கடைகளில் கோழியோ எலும்போ கொதித்த குழம்பிலிருந்துதான் அதை மொள்வார்கள். கறி இல்லாமலே தனியாகக் காய்ச்சுகிற கடையும் உண்டு, ஆனால் கல்லும் கரண்டியும் முட்டைக்கும் கறிக்கும் பொதுதான். சைவம் என்று உறுதி வேண்டுமானால் புரோட்டாக் கடையில் கேள்வி கேட்டு நிற்பதைவிட, மாசி வீதிகளில் இருக்கிற சைவ இட்லிக் கடைக்கு அவரை முன்னாலேயே கூட்டிப் போய்விடுங்கள்.

ஜிகர்தண்டாவை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். ஊருக்குள் வந்ததும் முதல் வேலையாக விளக்குத்தூண் போய்ப் பெரிய கிளாஸாக ஒன்று குடித்துவிட்டு, எட்டு மணிக்குப் பசியே இல்லை என்பார்கள். அது பானம் இல்லை, கிளாஸில் ஊற்றிய இனிப்பு. சுண்டிய பால், அதன்மேல் பாசந்தி, அதன்மேல் ஐஸ்கிரீம் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கறி தோசைக்கும் புரோட்டாவுக்கும் நடுவில், ஒன்பது மணி போல, சின்ன கிளாஸ் ஒன்றை இரண்டு பேராகக் குடிப்பது சரி. விளக்குத்தூண் அருகே கீழமாரட் வீதியில் இருக்கிற ‘பேமஸ் ஜிகர்தண்டா’ எல்லோரும் காட்டுகிற கடை. பக்கத்திலும் ஊரெங்கும் அதே பெயரைத் தழுவிய பலகைகள் ஏராளம். பெயரைப் பார்க்காமல் பாலைப் பாருங்கள். சுண்டிய பால் வெண்மையாக இருக்கக் கூடாது, லேசான பழுப்பு ஏறியிருக்க வேண்டும். ரோஜா நிறம் அடித்தால் நன்னாரி சர்பத்துக்குப் பதில் ரோஸ் சிரப் விழுந்திருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைத்தால்: ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலை அகலப் பாத்திரத்தில் சிறுதீயில் பாதியாகச் சுண்டவிட வேண்டும். ஓரத்தில் ஒட்டும் ஏட்டைச் சுரண்டி உள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பழுப்பு வந்துவிடும். சர்க்கரை சேர்த்து ஆறவைத்துக் குளிரவைக்கவும். பாதாம் பிசின் நாலு பேருக்கு 10 கிராம் தாராளம். கல் மாதிரி இருக்கும் அது, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் பல மடங்கு பருத்துக் கண்ணாடி போல ஆகும். நடுவில் கடுக்கென்று ஏதாவது தட்டினால் இன்னும் ஊறவில்லை. அப்படியே விழுங்கக் கூடாது, வயிற்றுக்குள் போய்த்தான் ஊறும். கிளாஸில் முதலில் பிசின், அடுத்து இரண்டு கரண்டி நன்னாரி சர்பத், பிறகு பால், கடைசியில் பாசந்தியும் ஐஸ்கிரீமும். கடையில் சில இடத்தில் பிசின் போடுவார்கள், சில இடத்தில் கடல்பாசி. பிசினுக்கு உருவமும் ருசியும் கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும். கடல்பாசி துண்டு துண்டாகப் பல்லில் கடிபடும். எது அசல் என்று சண்டை போட அவசியம் இல்லை.

இந்த இடத்தில் உறுதியானதையும் ஊர்ப்பேச்சையும் பிரித்துவிடுவது நல்லது. ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. பெயர் உருது வழி வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த நவாபு கொண்டுவந்தார், எந்த அரண்மனையில் குடித்தார்கள் என்கிற கதைகள் எல்லாம் வாய்மொழிதான், ஆளுக்கொன்று சொல்வார்கள். கறி தோசையை முதலில் ஊற்றியது யார் என்பதும் அப்படித்தான். விலையை நான் எழுதவே இல்லை, இன்று எழுதினால் நீங்கள் வருவதற்குள் பொய்யாகிவிடும்.

மறுநாள் காலை ஆறரை ஏழுக்குக் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு இட்லி. தட்டில் துணி விரித்து ஊற்றிய இட்லியாகப் பாருங்கள். துணியிலிருந்து பிரிக்கும்போது அடியில் நெசவின் கோடு பதிந்திருக்கும். தேங்காய், தக்காளி, மல்லி என்று மூன்று நாலு சட்னி வரும். காலைச் சட்னியை நம்பிச் சாப்பிடலாம். அதே தேங்காய்ச் சட்னி ராத்திரி பத்து மணிக்கு வெளியில் திறந்து கிடந்தால் மதுரை வெக்கையில் புளித்திருக்கும், அந்த நேரத்தில் சாம்பாரோ பொடியோ போதும். பச்சைத் தண்ணீர், வெட்டி வைத்த பழம், கேன் தண்ணீரில் செய்ததா என்று தெரியாத ஐஸ் ஆகியவற்றைப் பையனுக்குத் தவிர்த்துவிடுங்கள். கல்லிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் நேராகத் தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

கிளம்புவதற்கு முன் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது. பன்னிரண்டரைக்கே வைகைக்கு வடக்கே இருக்கிற தல்லாகுளம் போய் அயிரை மீன் குழம்பு கேளுங்கள். அழகர்கோவில் சாலையில் அம்மா மெஸ், அந்தச் சுற்றுவட்டாரத்தில் சந்திரன் மெஸ், குமார் மெஸ் எல்லாம் அறிந்த பெயர்கள். அயிரை சுண்டுவிரல் நீளம்கூட வராத சேற்று மீன், முழுசாகத்தான் சமைப்பார்கள். உயிரோடு வாங்கிப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டால் வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவுவார்கள். அந்த வேலையில் சோம்பல் பட்ட குழம்பு பல்லில் நறநறக்கும், முதல் வாயிலேயே தெரிந்துவிடும். தினம் வரத்து ஒரே அளவாக இருக்காது, இரண்டு மணிக்குத் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். மற்ற மீன் குழம்பை ‘இதுவும் அயிரை மாதிரிதான்’ என்று தள்ளினால் வாங்காதீர்கள், அதற்கு எலும்பு ரோஸ்ட்டே மேல். பிரியாணியை இந்தத் தடவை விட்டுவிடலாம். நல்ல பிரியாணி மதுரையில் இல்லாமல் இல்லை, இருக்கிற இரண்டு வேளையில் அதற்கு இடம் கொடுத்தால் இவற்றில் ஒன்று போய்விடும்.

ரயிலுக்குக் கட்ட வேண்டியது கோதுமை அல்வா. விளக்குத்தூண் பக்கம் நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடை, ரயில் நிலையத்துப் பக்கம் பிரேமா விலாஸ். முதலில் 50 கிராம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பிடித்தால் பார்சல் சொல்லுங்கள். விரலால் அமுக்கினால் ஓரத்தில் நெய் கசிய வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது. சூடாகவே டப்பாவை மூடிவிட்டால் உள்ளே வேர்த்துச் சீக்கிரம் கெடும், கொஞ்சம் ஆறவிட்டு மூடச் சொல்லுங்கள். வெளியிலேயே இரண்டு மூன்று நாள் தாங்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்து இறுகிப்போனால், ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துச் சிறுதீயில் இரண்டு நிமிஷம் கிண்டினால் பழையபடி இளகும்.